அவுட்டரில் நிற்கும் ராக்கெட்

சைனிக்புரி, செகந்திராபாத்
ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்கும் குறட்டைக்கும் நடுவே

பாசமும் பெருமையும் கடுங்கோபமும் ஒரே சட்டியில் கொதிக்க, அருமை மகள் ஆனிக்கு,

ரயில்வே கண்ட்ரோல் அறையின் முன்னாள் சக்கரவர்த்தியும், இந்தத் தெருவின் இந்நாள் பேரரசரும், உன் அப்பாவுக்கு ஒரே தம்பியாகப் பிறந்து அவருடைய பழைய சட்டைகளை எல்லாம் போட்டுத் தீர்த்த தியாகியுமான உன் சித்தப்பா தனசிங் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். உன் சித்தி மெட்டில்டா ஒரு கண்ணால் சுகம். இன்னொரு கண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குக்கர் சுகம், மாடியில் கறிவேப்பிலைச் செடி சுகம், தண்ணீர் மோட்டார் மட்டும் வழக்கம்போல ஞாயிறு ஓய்வை அனுசரிக்கிறது. அங்கே கொண்டாப்பூரில் நீயும் உன் லேப்டாப்பும் சுகமென்று நம்புகிறேன். கொண்டாப்பூர் எங்கள் வீட்டிலிருந்து செவ்வாய்க் கிரகத்தைவிடக் கொஞ்சம் அதிகத் தூரம். செவ்வாய்க்குப் போகிற வழியில் டிராபிக்காவது கிடையாது. அதனால் நீ கிறிஸ்துமஸுக்கு மட்டும் எங்கள் பக்கம் தட்டுப்படுவதை நாங்கள் ஒரு குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்கிறோம், ஆனால் கடிதத்தின் முதல் பாராவிலேயே அதை எழுதுவது மரியாதை இல்லை.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். கூடாது. ஸ்பீக்கரில் போட்டால்தான் போனுக்கு மூச்சு வரும் என்று நம்புகிறவள் உன் சித்தி. நான் கழிவறைக்குள் நின்று மெதுவாக "ஹலோ" என்றாலும் அடுக்களையிலிருந்து "யாரு, ஆனியா? சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்று குரல் வரும். ஆகவேதான் காகிதத்தில், பேனாவால், தமிழில் எழுதுகிறேன். ஞாயிறு பள்ளியில் நீ எழுத்துக் கூட்டிப் படித்த தமிழ். உன் வேகத்துக்கு இந்தக் கடிதம் அடுத்த ஈஸ்டர் வரை தாங்கும். உன் நாவலைப் படிக்க நான் பட்ட பாட்டில் பாதியாவது நீயும் படவேண்டும் என்பது என் தாழ்மையான ஆசை. சித்தி உனக்காகக் கலகலா பொரித்து, அவளுடைய எவர்சில்வர் டப்பாவில் நிரப்பி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு ஆக்னஸ் நாளைக்குக் கொண்டாப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறாள். அவள் கையில் டப்பா வரும். டப்பாவுக்கு அடியில், எண்ணெய்க் காகிதத்துக்குக் கீழே, இந்தக் கடிதம் வரும். உலகத்து உளவுத்துறை எல்லாம் ஒன்றாக வந்து மோப்பம் பிடித்தாலும் கலகலா வாசனைதான் அடிக்கும். கண்ட்ரோலில் இருந்தவன் மூளை அப்படி.

இனி உன் நாவல். 'டூ மூன்ஸ் அண்ட் எ மேபி.' தமிழில் சொன்னால், ரெண்டு நிலாவும் ஒரு பார்க்கலாமும். விடலைப் பிள்ளைகளுக்கான காதல் கதை, விண்வெளியில் நடக்கிறது, அச்சுக்குப் போகுமுன் "சித்தப்பா, ஆனஸ்ட்டா சொல்லுங்க" என்று கேட்டு எழுதியிருந்தாய். என்னிடம் உண்மையைக் கேட்டு வாங்கியவர்கள் யாரும் அதற்குப் பிறகு என்னோடு பேசியதில்லை. உன் அப்பாவையே கேட்டுப் பார். ஆனாலும் கேட்டாய், சொல்கிறேன்.

உன் கதாநாயகன் ரயானுக்கு வயது இருபது. அமீர்பேட்டில் ஹாஸ்டலில் தங்கிக் கோச்சிங் படித்து, செவ்வாய்க்குப் போகிறான். அதை நான் மறுக்கவில்லை. அமீர்பேட்டில் செவ்வாய்க்கும் கோச்சிங் இருக்கும், பக்கத்து மாடியிலேயே போட்டியாக வியாழனுக்கும் இருக்கும். ஆனால் இருபது வயதில் என்னை உன் தாத்தா மோண்டா மார்க்கெட்டுக்குக்கூடத் தனியாக அனுப்பமாட்டார். அனுப்பினால் சொத்தைக் கத்திரிக்காயோடு வருவேன். கதாநாயகி ஹர்ஷிதா பயிற்சியில் எல்லாரையும் தோற்கடித்தும், காதுக்குள் ஏதோ கோளாறு என்று டாக்டர்கள் சொல்லிவிட, பூமியில் கண்ட்ரோல் அறையில் உட்காருகிறாள். அவன் மேலே, இவள் கீழே. இதுவரை சரி. ஆனால் ஏட்டி, அவன் கண்ணை எத்தனை பக்கம் வர்ணிப்பாய்? முதல் அத்தியாயத்தில் அது நட்சத்திரக் கூட்டம், அடுத்ததில் கருந்துளை, அதற்கடுத்ததில் சனிக்கிரகத்து வளையம். இது காதலிக்கிற கண் இல்லை, டாக்டரிடம் காட்டவேண்டிய கண். அந்த வர்ணனையை எல்லாம் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் ராக்கெட்டில் இன்னும் நாலு பேருக்கு இடம் கிடைத்திருக்கும், கடைசியில் நடந்த விபரீதமும் நடந்திருக்காது.

அப்புறம் உன் கண்ட்ரோல் அறை. எல்லாரும் நீல வெளிச்சத்தில், மெல்லிய குரலில், கண்ணில் நீர் மினுங்கப் பேசுகிறார்கள். நான் ஆயுசு முழுக்கக் கண்ட்ரோலில் உட்கார்ந்தவன். கண்ட்ரோல் என்றால் கத்துவது. "காசிப்பேட்டையைக் குடு! யோவ் காசிப்பேட்டை! அந்தக் கூட்ஸை லூப்ல தள்ளுய்யா, பின்னால எக்ஸ்பிரஸ் வருது!" என்று ஹைதராபாத்தே அதிரக் கத்தி, ஆறின டீயைக் குடித்து, மறுபடி கத்துவது. காதலாவது கத்தரிக்காயாவது! பக்கத்து மேஜைக்காரனுக்கு மீசை உண்டென்பதே எனக்கு ரிட்டயர் ஆன அன்றைக்குத்தான் தெரியும். போதாததற்கு, ராக்கெட் கிளம்புமுன் ரெண்டும் ரப்பர் வாஷரை மோதிரமாகப் போட்டுக்கொள்கிறதுகள். நம் சபையில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, "ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்" என்று பாஸ்டர் நிறுத்தும்போது எவனாவது எழுந்துவிடுவானோ என்று மாப்பிள்ளைக்குக் கோட்டு நனைந்து, அப்புறம்தான் மோதிரம். இவர்களுக்கு வாஷர் போதுமாம். அப்படிப் பார்த்தால் நம் வீட்டுக் குழாய் ரிப்பேர்க்காரன் இந்த ஏரியாவில் பாதிப் பேருக்கு மாப்பிள்ளை.

இப்படி நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். என் நேரம், நீ அனுப்பின நாவலை நான் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி வந்த அதே வாரம் உன் சித்திக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சரக்குக் கடத்துகிற தலைவி மாதிரி வீட்டுக்கு வந்தாள். படிக்கக் கூடாது, குனியக் கூடாது, டிவி கூடாது என்று டாக்டர் உத்தரவு. "அப்ப நான் என்ன செய்ய, உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கவா? டிவியே தேவலாம்" என்றாள். உடனே அடுத்த வாக்கியம்: "ஆனி புக்கு வந்திருக்குல்ல, அதைப் படிச்சுக் காட்டுங்க. தமிழ்ல சொல்லுங்க. இங்கிலீஷைக் கேட்டா கண்ணுக்கு ஸ்ட்ரெயின் ஆவுது." காது வழியாகக் கண் வலிக்கிற ஒரே பெண்மணி அகில உலகத்திலும் உன் சித்திதான். ஆக, தினமும் சாயங்காலம் டீ ஆனதும் அவள் சோபாவில், நான் மோடாவில், ஒரு அத்தியாயம். இங்கிலீஷை ஒரு கண்ணால் படித்து வாயால் தமிழாக்கி, இன்னொரு கண்ணால் அவள் தூங்கிவிட்டாளா என்று பார்க்கவேண்டும். தூங்கவே இல்லை. அதுதான் அதிசயம். நான் பேசினால் கல்யாணமான நாளிலிருந்து தூங்குகிறவள்.

இதில் ஒரு சங்கடம். உன் பிள்ளைகள் நினைத்தபோதெல்லாம் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். நான் சபையில் மூப்பராக இருந்தவன், வாயில் அந்தச் சொல் வருமா? அந்த இடம் வரும்போதெல்லாம் "கை குலுக்கினார்கள்" என்று மாற்றிவிட்டேன். பயிற்சி மைதானத்தில் கை குலுக்கினார்கள். லிப்டில் கை குலுக்கினார்கள். மழையில் நனைந்தபடி, நேரம் போவதே தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு கை குலுக்கினார்கள். உன் சித்தி கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கேட்கிறாள்: "ஏங்க, இந்தப் பிள்ளைங்க என்ன, எலக்சனுக்கு நிக்குதா? எத்தனை தடவைதான் கை குலுக்கும்?"

இப்படியே சிரித்துக்கொண்டு போனோம். ரயானுடைய கப்பல் செவ்வாயில் பழுதாகி நின்ற அத்தியாயம் வந்தது. அன்றைக்கு உன் சித்தி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். டீ ஆறிப்போயிற்று. டாக்டர் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார், வலது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது, தள்ளிப்போடக் கூடாது, போட்டால் கல்லாகிவிடும் என்று. அவளோ முதல் கண்ணுக்கே ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து "வேணாங்க, நக்கோ, வீட்டுக்குப் போயிரலாம்" என்று ஆட்டோவைத் திருப்பச் சொன்னவள். நான் தேதியைப் பற்றி வாயைத் திறந்தால் குழம்பில் உப்புச் சரியா என்று கேட்பாள். அன்றைக்கு ஆறின டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பையன் நல்லபடியா வீடு வந்து சேரட்டும். அன்னைக்கே நான் அடுத்த கண்ணுக்கு வாரேன். இது ஆண்டவர்கிட்ட பண்ணுற பொருத்தனை." நான் துள்ளிக் குதித்துவிட்டேன். பையன் திரும்பாமல் எங்கே போவான்? காதல் கதைதானே, ஆனி எழுதினதுதானே, கொன்றா போடுவாள்? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன்.

கொன்று போட்டிருந்தாய்.

கூட வந்தவர்களைத் திரும்பும் கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, இடம் போதாமல் அவன் தங்கிவிடுகிறான். செவ்வாயிலிருந்து குரல் பூமிக்கு வர இருபது நிமிஷம். அவனுக்கு மூச்சுக்காற்று எப்போது தீரும் என்று ஹர்ஷிதாவுக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்க்கிறாள். தீர்ந்துவிட்டது. ஆனால் குரல் வந்துகொண்டே இருக்கிறது. அவன் போன பிறகும் இருபது நிமிஷம் அவன் பேசுகிறான். அதுவும் என்ன பேச்சு? ஹாஸ்டல் ஜன்னலைச் சாத்தினேனா ஞாபகமில்லை, மழை வந்தால் என் தலையணை நனையும், போய்ப் பார்த்துக்கோ என்கிறான். ஏன்டி, இப்படி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நான் அழவில்லை. தெருவில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். குளித்துவிட்டு வந்தவள் "கண்ணு ஏன் செவந்திருக்கு, உங்களுக்கும் புரையா?" என்று கேட்டாள்.

ஆகவே, மகளே, அன்று சாயங்காலம் உன் கடைசி அத்தியாயத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத கதையைப் படித்தேன். ரயான் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டான், ரிசர்வ் இருந்தது என்றேன். "ஸ்கூட்டர்லதான ரிசர்வ் இருக்கும்?" என்றாள். "இது பெரிய ரிசர்வ்" என்றேன். கிளம்பிவிட்டான்! அந்த நிமிஷம் உன் சித்தி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்திருப்பேன். ஆனால் அவள் சும்மா கேட்கிற ஆளா? வழியில் என்ன சாப்பிட்டான், ஹர்ஷிதாகிட்ட என்ன சொன்னான், சட்டை மாத்தினானா? ஒவ்வொரு நாளும் ஒரு அத்தியாயம் புதிதாகச் செய்யவேண்டியதாயிற்று. விண்கல் மழையில் சிக்கினான், தப்பினான். வழியில் ஒரு ரஷ்யக் கப்பலிடம் கொஞ்சம் சர்க்கரை கடன் வாங்கினான். எப்படியோ பூமிக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு ரயிலை நிறுத்தத் தெரியும், அனுப்பத் தெரியும். மேலேயிருந்து கீழே இறக்கத் தெரியாது. ரயில்வேயில் அப்படி எதுவும் இறங்கினால் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். வேறு வழி தெரியாமல், வாயில் வந்தபடி, "லைன் கிளியர் இல்லை, அவுட்டர்ல நிக்கறான்" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்குக் காத்து நிற்கிற அவுட்டரை ஒரு கண்ட்ரோலர் பெண்டாட்டிக்கு விளக்கவேண்டியதில்லை. "பிளாட்பாரம் காலி இல்லையா?" என்றாள். "இல்லை" என்றேன். "எந்தச் சவம் நிக்குது?" என்றாள். சீனாக்காரனுடைய சாட்டிலைட் ஒன்று கிராசிங்கில் நிற்கிறது என்றேன். அன்றையிலிருந்து உன் ரயான் பூமியின் அவுட்டரில் நிற்கிறான், மகளே. தினமும் சாயங்காலம் நானும் ஒரு காரணம் சொல்கிறேன். ஒருநாள் சிக்னல் கோளாறு. ஒருநாள் முன்னால் விஐபி ராக்கெட். நேற்று மேகமூட்டம் என்றேன், "விண்வெளியில ஏதுங்க மேகம்?" என்று கேட்டாள். கீழே மேகம் என்று சமாளித்தேன். ஹுசைன் சாகரில் இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். செவ்வாயில் பிழைத்த பையனை அந்தத் தண்ணீரில் கொல்லவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இது வீட்டோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. புதன்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் என்பது உனக்குத் தெரியும். மாரி பிஸ்கட்டுக்கும் பயந்து நீ ஓடிப்போகிற அதே கூட்டம். ஜெபக் குறிப்புகள் சொல்லுங்க என்று பாஸ்டர் ஐயா கேட்க, ஒருவர் முழங்கால் வலி, ஒருவர் மகன் விசா என்று சொல்லிக்கொண்டு வர, உன் சித்தி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "விண்வெளியில மாட்டிக்கிட்ட ஒரு பிள்ளைக்காக ஜெபம் பண்ணிக்கோங்க. கூட எனக்காகவும்" என்றாள். ஆக்னஸ் கத்தோலிக்கக்காரி, பிஸ்கட்டுக்குப் பழகி எங்கள் கூட்டத்துக்கும் வருகிறவள். அவள் "ஐயோ, மாதாவே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். என்னத்தைச் சொல்ல? அது கதை என்றால், கதையில் பையன் என்ன ஆனான் என்று அடுத்த கேள்வி வருமே. வாயை மூடிக்கொண்டு டீ எடுக்க உள்ளே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் எனக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம். இந்தச் சபைக்கு வந்த நாள் முதல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரசங்கத்தைத் தூணிடம் கேட்டவன் நான்! எழுந்து இடம் கொடுக்கிறார்கள். என் கையைப் பிடித்து அழுத்துகிறார்கள். "தம்பி உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார் ஒருவர். "ரொம்ப வேண்டிய பையன்" என்றேன். அதில் ஒரு சொட்டுப் பொய் உண்டா? ஆக்னஸ் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, "அண்ணே, பெருசாவே ஏத்துனேன், மேலருந்து தெரியணும்ல?" என்கிறாள். போன வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியம் முழுக்க உபவாசம் இருந்து ஜெபித்தது. அந்தக் கூட்டத்தில் இதுவரை யாரும் எதற்காகவும் மத்தியானச் சாப்பாட்டை விட்டதாகச் சரித்திரம் இல்லை. இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தனசிங் அண்ணே, தம்பி இறங்கினதும் நேரா சபைக்குக் கூட்டிட்டு வாங்க. ஸ்தோத்திரக் கூடுகை வைப்போம். ஒரு பத்து நிமிஷம் சாட்சி சொல்லட்டும்." எனக்கு வியர்த்துவிட்டது, மின்விசிறிக்குக் கீழேயே. "ஐயா, மேலே மிதந்து பழகின பையன், இறங்கினாலும் நடக்க நாளாகும்" என்றேன். "அதனால என்ன, சபையில வீல்சேர் இருக்கு" என்கிறார்!

ஆக நிலைமை இது. பையன் இறங்கினால்தான் உன் சித்தி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாள். நாளுக்கு நாள் வலது கண் கல்லாகிக்கொண்டிருக்கிறது; நேற்று மாடிப்படியில் கடைசிப் படி இருப்பது தெரியாமல் காலை வைத்தாள், நான் பிடித்துக்கொண்டேன். கேட்டால், "நல்லாத்தான் தெரியுது, வேணும்னுதான் வச்சேன்" என்கிறாள். எனக்கு இறக்கத் தெரியாது. நீயோ விண்வெளிக்காரி, சாட்டிலைட் படம் பார்க்கிற கம்பெனியில் வேலை செய்கிறாய், எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். ஆகையால் உன் திருப்பாதத்தில், வேண்டாம், உன் செருப்பில் விழுந்து கேட்கிறேன். ரயானை உயிரோடு, சட்டை கசங்காமல், பூமியில் இறக்கி ரெண்டே ரெண்டு பக்கம் எழுதி ஆக்னஸிடம் கொடுத்தனுப்பு. பாராசூட் வை, என்னத்தையாவது வை. உன் சித்தி கேட்கிற குறுக்குக் கேள்விக்கெல்லாம் பதில் அதிலேயே இருக்கட்டும். அச்சுக்குப் போகிற புத்தகத்திலும் அப்படியே மாற்றிவிடு. கண் சரியானதும் அவள் முதலில் எடுக்கப்போவது உன் புத்தகத்தைத்தான், அப்போது என் தோல் உரியும். ஒரு பையனைச் சாகடிக்காமல் இருப்பதால் இலக்கியத்துக்கு என்ன குறைந்துவிடும்?

ஆனஸ்ட்டாகச் சொல்லச் சொன்னாயே, ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்; இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. குரல் போய்ச்சேர நேரமாகும் என்பதால் அந்த ரெண்டும் பதிலுக்குக் காத்திருக்காமல் பேசப் பழகுகிறார்களே, இவள் இட்லி வெந்ததைச் சொல்ல, எப்போதோ கேட்டதற்கு அவன் பதில் வந்து சேருகிறதே, அந்த அத்தியாயத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான். காலையில் நான் ஒன்று கேட்டால் சாயங்காலம் பதில் வரும். அதற்குள் கேட்டது எனக்கு மறந்திருக்கும். இது செவ்வாய்க்கு மட்டும் உரிய வியாதி என்று உனக்கு யார் சொன்னது? போகட்டும். நன்றாக எழுதியிருக்கிறாய். கண் வர்ணனையைக் குறை.

கொண்டாப்பூரின் டிராபிக்கும் உன் மேனேஜரும் உன்னைச் சேதப்படுத்தாமல் விட்டுவைக்க, வானத்திலும் பூமியிலும் உள்ள சகல சிக்னல்களும் உனக்குப் பச்சையாக விழ, நல்ல மாப்பிள்ளை ஒருவன் வாஷர் அல்லாத மோதிரத்தோடு வந்து சேர, தன் வழுக்கைத் தலையில் கை வைத்து உன்னை ஆசீர்வதிக்கும்,

உன் சித்தப்பா,
தனசிங்

பி.கு.: டப்பாவைத் திறந்ததும் முதலில் கடிதத்தை எடு. கலகலாவை அப்புறம் தின்னலாம். சித்திக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியக் கூடாது.

இன்னொரு பி.கு.: ஆனி, இது சித்தி எழுதுறது. டப்பாவை நிரப்புறது நான், மூடுறது நான், இந்த மனுசன் அடியில ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதா? கலகலா மேலாக்க வந்து முட்டிக்கிட்டு மூடியே பதியல. முழுக்கப் படிச்சேன். ஹவ், ஆமா, படிச்சேன். டாக்டர் படிக்கக் கூடாதுன்னது முதல் வாரத்துக்குத்தான். அதை நான் இவர்கிட்ட சொல்லல. நீ புக்கை எனக்கும் போன்ல அனுப்பினியே, மறந்துட்டியா? இவர் மத்தியானம் தூங்குறப்ப எழுத்தை இட்லி அளவுக்குப் பெருசாக்கி கடைசி வரைக்கும் படிச்சாச்சு. கை குலுக்கினது எல்லாம் என்னன்னும் தெரியும்.

முடிவை மாத்தாதே. பொருத்தனை பண்ணினது நெசம், பயத்துல பண்ணினது. ஆனா அவன் போன பிறகும் குரல் வந்துக்கிட்டே இருக்கு, ஜன்னலைச் சாத்துன்னு சொல்றான் பாரு, அதைப் படிச்ச அன்னைக்கே நான் ஆக்னஸைக் கூட்டிட்டுப் போய் அடுத்த கண்ணுக்குத் தேதி வாங்கிட்டேன். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு தைரியம் இருந்தா எனக்கு இம்புட்டாவது வேணாமா? சித்தப்பாகிட்ட இப்ப சொல்லாதே. சொன்னா அவசரத்துல பையனைக் கொண்டுபோய் மூசி ஆத்துல இறக்கிடுவார்.

சபைக்கும் தெரியும். இவர் டீ எடுக்க உள்ள போனப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கதைன்னு. புதன்கிழமை கூட்டத்துக்கு இப்பல்லாம் நாற்காலி பத்தல, அந்த வாரம் இவர் என்ன சொன்னார்னு என்கிட்ட கேக்கத்தான் வாராங்க. பாஸ்டர் ஐயா வீல்சேர்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து சிரிச்ச சிரிப்பைப் பாஸ்டரம்மா போன்ல சொன்னாங்க. உபவாசம் இருந்தது பையனுக்காக இல்ல, இந்த மனுசனுக்கு இறக்குறதுக்கு ஒரு புத்தி வரட்டும்னு. நீ எதுவும் எழுதி அனுப்ப வேணாம். ரயில் டைமைத் தவிர வேற எதுவும் பேசாத ஆளு இப்ப தெனமும் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பேசுறார். இன்னும் கொஞ்ச நாள் அவுட்டர்லயே நிக்கட்டும்.

உன் பையன் திரும்பி வராட்டாலும் பரவாயில்ல. என் எவர்சில்வர் டப்பா திரும்பி வந்தே ஆகணும்.